வேல்ஸ் போனா என்ன சாப்பிடணும், திரும்பி வந்து கல்லுல என்ன சுடணும்

தங்கச்சி பிரிட்டன்ல இருக்கற வேல்ஸோட தலைநகர் கார்டிஃப்ல படிச்சப்ப அம்மாவும் நானும் கிருஷ்ணகிரில இருந்து ரெண்டு வாரம் போயிருந்தோம், பெட்டில பாதி ஊறுகாயும் பருப்புப் பொடியும் தான், மொத மூணு நாள் அதையே தின்னோம், அப்பறம் தான் அந்த ஊர் சாப்பாட்ட தொட்டே பாத்தோம். பிள்ளைங்கள பாக்க அந்தப் பக்கம் போறவங்க அந்த மூணு நாள வேஸ்ட் பண்ண வேணாம்னு தான் எழுதறேன்.

மொதல்ல கவ்ல். ஆட்டுக்கறி, உருளைக்கெழங்கு, நூக்கோல் மாதிரி ஒரு கெழங்கு, அப்பறம் லீக், அதாவது வெங்காயத்தாளே கட்ட வெரல விட தடியா வளந்தா எப்படியோ அப்படி, எல்லாம் போட்டு கொதிக்க வச்ச சூப்பு. நேத்து வச்சத இன்னிக்கு சுட வச்சா தான் ருசின்னு அவங்களே சொல்றாங்க, மீன் கொழம்புக்கு நாம சொல்ற அதே கத. காரம் சுத்தமா இருக்காது, மிளகுத்தூள் வாங்கி தாராளமா தூவிக்கங்க. மார்ச் 1 செயின்ட் டேவிட்ஸ் டே, வேல்ஸோட தேசியத் திருநாள், அன்னிக்கு அங்க இருந்தா கவ்ல விடாதீங்க.

லேவர்பிரெட்னு போர்டு பாத்துட்டு பிரெட்டுன்னு நெனச்சு வாங்காதீங்க, ஸ்வான்சி மார்க்கெட்ல நான் அப்படி தான் வாங்கினேன். அது கடல்பாசிய மணிக்கணக்குல வேக வச்சு மசிச்சது, கீரை கடஞ்ச சட்டிய வழிச்சு எடுத்தாப்ல கரும்பச்சையா கொழகொழன்னு இருந்துச்சு, ஸ்பூன்ல அப்படியே வாய்ல போட்டேன், உப்புப் பாறைய நக்கினாப்ல ஆயிடுச்சு. அத ஓட்ஸ்ல பெரட்டி சின்ன வடையா தட்டி, சுட்டு, பேக்கனும் (உப்பு போட்டு பதப்படுத்தின பன்னிக்கறி) மட்டியும் (சின்ன சிப்பி) வச்சு தான் சாப்பிடணும். பக்கத்துல பென்க்ளாவ்த்ல எடுக்கற மட்டிய வினிகரும் மிளகும் போட்டு தனியாவும் தின்னலாம், ஒகேனக்கல் மீன் வறுவல் தின்ன நாக்குக்கும் புடிக்கும்.

சைவக்காரங்களும் பொரட்டாசில போறவங்களும் ஒன்னு கவனிங்க. கிளாமர்கன் சாசேஜ்னு பேர கேட்டு பயப்படாதீங்க, அதுல கறியே இல்ல, கேர்ஃபில்லி சீஸ், லீக், பிரெட் தூள் தான், ஆனா முட்டை சேப்பாங்க. வெல்ஷ் ரேர்பிட், பழைய பேரு ராபிட், அதுலயும் முயல் கெடையாது, டோஸ்ட் மேல கடுகு போட்ட சீஸ் சாஸ். ஆனா அதுல ஊத்தற வூஸ்டர் சாஸ்ல நெத்திலி இருக்கு, பீரும் ஊத்துவாங்க, கேட்டுட்டு வாங்குங்க. பாரா ப்ரித், டீல ஊற வச்ச உலர் திராட்சை போட்ட ரொட்டி, வெண்ண தடவி தின்னுங்க, அவ்ளோ தான்.

இப்ப வெல்ஷ் கேக். 1891ல தொறந்த கார்டிஃப் மார்க்கெட்ல கண்ணு முன்னாடியே கல்லுல போட்டு சுட்டுக் குடுப்பாங்க, சூடா வாங்குங்க, ஆறுனா பாதி ருசி போயிடும். இதுக்கு ஓவன் வேணாம், அதனால தான் வீட்டுக்கு வந்ததும் செஞ்சேன்.

மைதா 225 கிராம், அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, பட்டையும் ஜாதிக்காயும் பொடிச்சு கொஞ்சம். அதுல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த வெண்ண 100 கிராம் போட்டு வெரல் நுனியால உதுத்து உதுத்து புட்டு மாவு பதத்துக்கு கொண்டு வாங்க, பெசையாதீங்க. சக்கரை 80 கிராம், கறுப்பு உலர் திராட்சை ஒரு கைப்பிடி, முட்டை ஒன்னு, ரொம்ப வறண்டா ஒரு ஸ்பூன் பால். நம்ம ஊரு வெயில்ல வெண்ண உருகி மாவு ஒட்டும், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு சப்பாத்திய விட தடியா, அரை வெரல் கனத்துக்கு தேச்சு டம்ளர் வாயால வெட்டுங்க.

சப்பாத்திக் கல்லு எடுங்க, தோசக்கல்லு வேணாம். வெங்காயம் தேச்சுத் தேச்சு ஊறிப்போன கல்லுல மொத தடவ சுட்டேன், கேக்கு ஊத்தப்பம் வாசன அடிச்சுது. தீ சின்னதா, பக்கத்துக்கு மூணு நிமிஷம், அவசரப்பட்டா சக்கரை கருகி உள்ள பச்ச மாவா நிக்கும். எறக்குன சூட்டோட மேல சக்கரை தூவிடுங்க. அம்மா ஒன்னு எடுத்து கடிச்சுட்டு, "அதிரசத்துக்கு வெல்லம் போட மறந்துட்டியாடா"ன்னு கேட்டுட்டே ரெண்டாவத எடுத்தாங்க.