கலிஃபோர்னியாவில் கல்லூரி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் பிறந்தால் எனக்கு வரும் ஃபோன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "அண்ணா, பையன் எஸ்ஏடி-யில 1540 வாங்கியிருக்கான். பெர்க்லி கிடைச்சிடும்ல?" பெர்க்லி அந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காது என்று சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே வராது. இரண்டு கோடை விடுமுறையும் வார இறுதி வகுப்புகளும் கட்டிய பணமும் அவர்கள் கண்முன் வந்து போகின்றன என்று எனக்குத் தெரியும். மனசு கஷ்டப்படும்.

2020 மே மாதம், பெர்க்லியும் சேர்ந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) ஆட்சிக்குழு எஸ்ஏடி, ஏசிடி எனும் நுழைவுத் தேர்வுகளைச் சேர்க்கையிலிருந்து படிப்படியாக விலக்க முடிவெடுத்தது. 2021இல் ஒரு வழக்கு உடன்பாட்டில் முடிந்தபின் எந்த யூசி வளாகமும் சேர்க்கைக்கோ உதவித்தொகைக்கோ அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. 2022இல் மாநிலத்தின் இன்னோர் அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டும் அதையே செய்தது. 'கொடுத்தால் கொஞ்சம் நல்லது' என்ற கணக்கே இங்கே கிடையாது. கொடுத்தாலும் பார்க்க மாட்டார்கள். தனியார் பக்கம் கதை வேறு. கால்டெக் 2024இல் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது. ஸ்டான்ஃபோர்ட் 2026இல் சேர்வோரிடமிருந்து கேட்கத் தொடங்கியது. எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு எஸ்ஏடி வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர் ஒன்றுதான். ஸ்டான்ஃபோர்டில் தொடங்கி ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் முடியும் ஒரே வரிசையாக நாம் இந்த மாநிலத்தைப் பார்க்கிறோம். மாநிலம் தன்னை அப்படி அமைத்துக்கொள்ளவில்லை. 1960இல் யூசி தலைவராக இருந்த கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய 'மாஸ்டர் பிளான்' அரசுக் கல்லூரிகளை மூன்றாகப் பிரித்தது. உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி, முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு கால் ஸ்டேட், படிக்க விரும்பும் எவருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கே இரண்டு வருடம் படித்தவர்கள் மேலே ஏறிவரும் பாதையையும் அந்தத் திட்டமே போட்டது. இன்று யூசியில் 10 வளாகங்கள் (அவற்றில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இளநிலைப் படிப்பு கிடையாது), கால் ஸ்டேட்டில் 22 பல்கலைக்கழகங்கள், கம்யூனிட்டி காலேஜ்கள் 116. மூன்றுக்கும் விண்ணப்பமும் விதியும் தனித்தனி.

பெயர்க் குழப்பம் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் யூசி சான் டியேகோ, சான் டியேகோ ஸ்டேட், யூனிவர்சிட்டி ஆஃப் சான் டியேகோ மூன்றும் வெவ்வேறு. கடைசியில் சொன்னது தனியார். தனியாரான யூஎஸ்சியை (யூனிவர்சிட்டி ஆஃப் சதர்ன் கலிஃபோர்னியா) அரசுப் பல்கலைக்கழகம் என்று நம்பிக் கட்டணத்தைப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு. கால் பாலி என்ற பெயரில் சான் லூயிஸ் ஒபிஸ்போ, பொமோனா, ஹம்போல்ட் என மூன்று இருக்கின்றன. கால்டெக் இவை எதோடும் சேராதது.

'ஸ்டேட்' என்றால் இளப்பமா?

நம் வீடுகளில் கால் ஸ்டேட்டை 'வேறு எதுவும் கிடைக்காதவர்களுக்கு' என்று ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1857இல் தொடங்கிய சான் ஹோசே ஸ்டேட், பெர்க்லியைவிட 11 வருடம் மூத்தது. சிலிக்கான் வேலியின் நடுவிலேயே இருப்பதால் அங்கே படிக்கும் பிள்ளைக்கு வேலை தரும் நிறுவனங்களின் வாசல் பேருந்து தூரம்தான். சான் லூயிஸ் ஒபிஸ்போ கால் பாலியின் பொறியியலில் இடம் கிடைப்பது பல யூசி வளாகங்களைவிடக் கடினம். இது புரியாமல் கால் ஸ்டேட்டை 'நிச்சயம் கிடைக்கும்' பட்டியலில் எழுதிவைப்பது இன்னொரு தவறு. இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்த துறைகளை 'இம்பாக்டட்' என்கிறார்கள். சான் ஹோசே ஸ்டேட்டில் இளநிலைத் துறைகள் எல்லாமே அப்படித்தான். உள்ளூர் மாணவர்களுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. நீங்கள் இருக்கும் கவுன்ட்டிக்கு எந்தக் கால் ஸ்டேட் 'உள்ளூர்' என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போய் மேஜரை மாற்றிக்கொள்ளலாம்

நான் பார்த்ததில் பிள்ளைகளை அதிகம் அலைக்கழித்த தவறு இது. கணினி அறிவியலுக்குப் போட்டி அதிகம், அதனால் வேறு ஏதாவது துறையில் நுழைந்துவிட்டு இரண்டாம் வருடம் மாறிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் அது நடந்தது. பெர்க்லியில் முதல் வருடப் பாடங்களில் குறிப்பிட்ட சராசரி வைத்திருந்தால் கணினி அறிவியலை மேஜராக அறிவிக்க முடிந்தது. 2023இல் சேர்ந்தவர்களிலிருந்து அந்த வழி மூடிவிட்டது. விண்ணப்பத்திலேயே அந்தத் துறையைக் கேட்டு, அதற்கென்றே தேர்வாக வேண்டும். மற்றவர்களுக்கு மிகக் குறைந்த இடங்களே திறக்கும். யூசி சான்டா குரூஸிலும் விண்ணப்பத்தில் கணினி அறிவியலைக் குறிப்பிடாதவர் பிறகு உள்ளே நுழைவது அரிது. கால் பாலியில் எல்லோரும் மேஜரைச் சொல்லித்தான் விண்ணப்பிக்க முடியும்.

நான் சொல்வது இதுதான். பிள்ளை உண்மையிலேயே கணினி அறிவியல்தான் படிக்கப் போகிறதென்றால், பெயர் பெற்ற வளாகத்தில் பிடிக்காத துறையைவிட யூசி ரிவர்சைடிலோ மெர்செடிலோ பிடித்த துறை மேல். மெர்செட் 2005இல்தான் திறந்தது, சுற்றிலும் பண்ணைகள், அதனால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அங்கே புதுக் கட்டடங்களும் சின்ன வகுப்புகளும் இருக்கின்றன. முதல் வருட மாணவருக்கே ஆய்வகத்தில் இடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளிப் பாடங்களிலும் இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் இருக்கிறது. யூசியும் கால் ஸ்டேட்டும் 'ஏ முதல் ஜி வரை' என்று ஏழு பிரிவுகளில் 15 ஓராண்டுப் பாடங்களைக் கேட்கின்றன. ஒவ்வொன்றிலும் குறைந்தது சி வேண்டும். யூசிக்கு அவற்றில் 11 பாடங்கள் 11ஆம் வகுப்புக்குள் முடிந்திருக்க வேண்டும். நுண்கலையில் ஒரு வருடம் கட்டாயம். பத்து வருடம் பரதம் ஆடி அரங்கேற்றம் முடித்த பெண்ணுக்கும் அந்தப் பிரிவு பள்ளியில் எடுத்த, அங்கீகாரம் பெற்ற பாடத்தால்தான் நிறையும். அரங்கேற்றத்தை விண்ணப்பக் கட்டுரையில் எழுதலாம், இங்கே கணக்கில் வராது. மொழிப் பிரிவில் நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: தமிழ்ப்பள்ளிப் படிப்புக்கு இங்குள்ள சில பள்ளி மாவட்டங்கள் கிரெடிட் தருகின்றன. உங்கள் மாவட்டம் தருமா, அது டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளியின் மதிப்பெண் பதிவில்) ஏறுமா என்று 9ஆம் வகுப்பிலேயே கவுன்சலரிடம் கேளுங்கள். தமிழ்ப் பீடம் வைத்திருக்கும் பெர்க்லிக்குத் தமிழ் படித்த தகுதியோடு விண்ணப்பிப்பது எனக்குப் பிடித்த காட்சி.

யூசி விண்ணப்பத்தில் 8 கேள்விகளில் 4ஐத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் எழுத வேண்டும். மற்றக் கல்லூரிகளுக்கு எழுதிய அலங்காரக் கட்டுரையை வெட்டி ஒட்டாதீர்கள். மழை, ஜன்னல், பாட்டி கதை என்று இருநூறு சொல் போனால் பிள்ளை என்ன செய்தது என்று சொல்ல இடமிருக்காது. பெரும்பாலோரிடம் யூசி சிபாரிசுக் கடிதமும் கேட்பதில்லை. அதனால் பிள்ளையைப் பற்றி வேறு யாரும் பேசப்போவதில்லை, அந்த நான்கு பதில்கள்தான் பேச வேண்டும். "எனக்கு உள்ளே ஆள் தெரியும்" என்று சொல்லும் ஆலோசகர் கதவைத் தட்டினால் அன்போடு அனுப்பிவிடுங்கள். கலிஃபோர்னியாவிலிருந்தே கல்லூரி ஆலோசனைத் தொழில் நடத்திய ரிக் சிங்கரின் சேர்க்கை மோசடி 2019இல் வெளியானபோது பெற்றோர்களும் சிறைக்குப் போனார்கள்.

கையில் வெண்ணெய்

கம்யூனிட்டி காலேஜை வெட்கமாக நினைப்பது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தாலும் 1,380 டாலர்தான். டி ஆன்சா, டயாப்லோ வேலி, சான்டா மோனிகா போன்ற கல்லூரிகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஏராளமானோர் யூசிக்குப் போகிறார்கள். பட்டத்தில் பெர்க்லி என்றுதான் இருக்கும். இரண்டு வருடம் எங்கே படித்தார் என்று அதில் எழுதுவதில்லை.

ஆனால் இந்தப் பாதையிலும் கால் இடறும் இடங்கள் உண்டு. முதலாவது, பட்டியலைப் பார்க்காமல் வகுப்பு எடுப்பது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்த வளாகம் எந்த மேஜருக்கு ஏற்கும் என்பதை 'அசிஸ்ட்' என்ற மாநில இணையதளம் வரி வரியாகச் சொல்கிறது. டேவிஸ் கேட்கும் பாடமும் சான் டியேகோ கேட்கும் பாடமும் ஒன்றல்ல. முதல் பருவம் தொடங்கும் முன்பே இரண்டு மூன்று வளாகங்களின் பட்டியலை அச்சிட்டு அருகருகே வையுங்கள். இதைச் செய்யாத பிள்ளைகள் மூன்றாவது வருடமும் அங்கேயே உட்கார நேர்கிறது.

இரண்டாவது, 'டேக்' எனும் சேர்க்கை உறுதி ஒப்பந்தம் பற்றிய தவறான நம்பிக்கை. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மட்டுமே இதைத் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ தருவதில்லை. ஒரு வளாகத்துக்கு மட்டுமே கேட்க முடியும். கணினி, பொறியியல் போன்ற நெரிசலான துறைகளுக்குப் பல வளாகங்கள் டேக் தருவதில்லை. செப்டம்பர் மாதத்துக்குள் அதைப் பதிந்தபின், வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் நவம்பரில் தனியாக அனுப்ப வேண்டும். 'அதான் டேக் போட்டாச்சே' என்று இருந்துவிட்டு இரண்டாவதை மறந்த ஒரு பையனின் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முழு வருடம் போயிற்று.

மூன்றாவது, பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு எடுக்கும் பிள்ளைகளுக்கானது. நல்ல வாய்ப்பு, தாராளமாக எடுக்கட்டும். ஆனால் 10ஆம் வகுப்பில் விளையாட்டாக எடுத்து வாங்கிய டி கிரேடு கல்லூரிப் பதிவேட்டில் நிலையாக நிற்கும். பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் அதைக் காட்ட வேண்டும். சரியாக வரவில்லை என்றால் கெடு தேதிக்குள் வகுப்பிலிருந்து விலகிவிட வேண்டும்.

பணமும் முகவரியும்

வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்கள் யூசியில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் வருடத்துக்கு 34,000 டாலருக்கும் அதிகமாகக் கட்ட வேண்டும். எனவேதான் "ஃப்ரீமான்ட்டில் சித்தி வீட்டு முகவரி கொடுத்துவிடலாமா?" என்ற கேள்வி வருகிறது. கூடாது, பயனும் இல்லை. 366 நாள் இங்கே நேரில் வசித்திருக்க வேண்டும், இங்கேயே வாழும் நோக்கத்தை ஓட்டுநர் உரிமம், மாநில வரி போன்ற ஆவணங்கள் காட்ட வேண்டும். பெற்றோர் டெக்சாஸில் இருக்க, இளநிலை படிக்க வரும் 18 வயதுப் பிள்ளை மட்டும் இங்கே இருந்தால் பெரும்பாலும் வெளிமாநிலத்தவர்தான்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கும் குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை இங்கே வசிப்பிடத் தகுதி பெற முடியும். ஆனால் கூட்டாட்சி உதவிக்கான ஃபேஃப்சா அவர்களுக்குக் கிடையாது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் புதிதாக வசிப்பிடத் தகுதி பெற முடியாது. படிப்பின் நடுவில் எச்-4இலிருந்து எஃப்-1க்கு மாற வேண்டிவரும் என்றால் கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்கள் 'நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது' என்று ஃபேஃப்சா போடாமலே விடுகிறார்கள். கால் கிரான்ட் எனும் மாநில உதவிக்கும் அதே விண்ணப்பம்தான்; வழக்கமான கெடு மார்ச் 2. ஸ்டான்ஃபோர்டின் விலைப்பட்டியலைப் பார்த்தே ஒதுங்கிவிட வேண்டாம்: பெற்றோர் வருமானம் 1,50,000 டாலருக்குக் கீழ், சொத்தும் அதற்கேற்ற அளவில் என்றால் அங்கே டியூஷன் கட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து நேராக விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். யூசி படிவத்தில் மதிப்பெண்ணை அமெரிக்க முறைப்படி நான்குக்கு மாற்றி எழுதாதீர்கள். மதிப்பெண் பட்டியலில் இருப்பதை அப்படியே எழுதச் சொல்கிறார்கள். முதுநிலைக்கு வருகிறவர்கள், மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் தருகிறது என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரியை நம்பாதீர்கள். பிளெசன்டனில் இயங்கிய ட்ரை-வேலி பல்கலைக்கழகமும் ஐ-20 கொடுத்தது. 2011 ஜனவரியில் சோதனை நடந்து அது மூடியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சிலருக்குக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். அதை நடத்தியவருக்கு 2014இல் 16 வருடத்துக்கும் மேலாகச் சிறைத்தண்டனை கிடைத்தது. மாணவர்கள் இழந்த விசாவையும் வருடங்களையும் யார் திருப்பித் தந்தார்கள்? மேற்குப் பகுதிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் வாஸ்க் அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே அதன் தளத்தில் தேடிப் பாருங்கள். ஏஜென்ட் காட்டும் சான்றிதழ் போதாது.

கடைசியாக, இடம் கிடைத்த பிறகு. மார்ச்சில் வரும் யூசி கடிதம் நிபந்தனையோடு வருவது. 12ஆம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் ஒரு டி விழுந்தாலோ, சொன்ன பாடத்தை விட்டுவிட்டாலோ, இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள் போகாவிட்டாலோ திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. 2017 கோடையில் இர்வைன் வளாகம் ஏறக்குறைய 500 பேரின் இடத்தை அப்படி ரத்து செய்தது. எதிர்ப்புக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டுப் பலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களில் அந்த வீடுகளில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். பாடத்தை மாற்றினால் அன்றே வளாகத்துக்குத் தெரிவியுங்கள். பள்ளி அனுப்பிவிட்டதாகச் சொன்னாலும், ஜூன் கடைசியில் ஒருநாள் பிள்ளையோடு உட்கார்ந்து, டிரான்ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்ததாக வளாகத்தின் போர்ட்டலில் காட்டுகிறதா என்று பாருங்கள்.