கல்லாப் பக்கத்தில் ஓர் ‘இல்லை’ நோட்டு

மாவுக் கடை வைத்திருக்கிறேன். இட்லி மாவு, அடை மாவு, கொஞ்சம் பருப்புப் பொடி. என்னைப் போல் சின்னக் கடை வைத்திருப்பவர்களே, வாடிக்கையாளர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிய வேண்டுமா? விளம்பர நோட்டீஸ் அடிக்கும் முன் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர் கேட்டு, நாம் “இல்லைங்க” என்று சொன்னதை மட்டும் அதில் எழுதுங்கள். கேட்ட வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். “கால் கிலோ கிடைக்குமா?” என்பவர் தனியாகச் சமைப்பவராக இருக்கலாம். “புளிக்காத மாவு இருக்கா?” என்றால் வீட்டில் குழந்தையோ என்னவோ. ஊகிக்காமல் “யாருக்குங்க?” என்று கேட்டுவிடுங்கள். கருத்துப் படிவமெல்லாம் வேண்டாம், மரியாதைக்கு ‘நல்லா இருக்கு’ என்றுதான் எழுதுவார்கள். ஒரே கேள்வி வாரத்தில் நாலைந்து தடவை வந்தால், அதைக் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு செய்ததைக் கவனியுங்கள். எந்த பிராண்டானாலும் காலி ஷாம்பு சாஷேக்களை (சின்னப் பாக்கெட்டுகளை) கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார் அதைத் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், பிறகு சிக் சாஷேக்களுக்கு மட்டும் என்று மாற்றினார். நாமும் செய்யலாம். எந்தக் கடை மாவுக் கவரைக் கொண்டுவந்தாலும் இரண்டு ரூபாய் தள்ளுபடி. கவர்களைப் பிரித்து அடுக்கினாலே, தெருவில் யார் எங்கே, எந்த அளவில் வாங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும். கழுவிக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடையே புளித்த வாடை அடிக்கும்.