முகூர்த்த நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள்

என் சித்தப்பா மகனுக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை கிடையாது. அவன் கல்யாணப் பத்திரிகை வாட்ஸப்பில் சிங்கப்பூருக்கு வந்தது. முகூர்த்தம் ஞாயிறு விடியற்காலை என்று பார்த்ததும் சனி இரவு கோவையில் இறங்குகிற விமானத்தில் டிக்கெட் போட்டேன். வெள்ளகோவில் மண்டபத்துக்குக் கார் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சகோதரி உட்காரும் இணைச்சீர் முடிந்திருந்தது. நான் உட்கார வேண்டிய இடத்தில் பெரியப்பா மகள் உட்கார்ந்து எழுந்துவிட்டாள். சின்னம்மா என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "சோறு உண்டயா கண்ணு?"

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று முதலில் வருத்தம். அப்புறம்தான் புரிந்தது, சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. வீட்டுப் பெண்ணுக்கு யார் நேரம் குறித்துக் கொடுப்பார்கள்? பத்திரிகையில் அச்சடிக்கும் நேரம் ஒறம்பரைக்கு, அதாவது விருந்துக்கு வரும் உறவினர்களுக்கு. வீட்டு ஆட்களின் வேலை அதற்கு முந்தின நாளே தொடங்கிவிடும்.

எங்கள் பக்கத்துக் கொங்கு வேளாளர் வீடுகளில் அருமைக்காரர் முன்னின்று ஒவ்வொரு சீராக நடத்துவார். நாட்டுக்கல் சீர், இணைச்சீர் என்று வரிசையாகப் போகும். தாலி கட்டுவது அந்த வரிசையில் பின்னால் வருவது. இணைச்சீரில் மாப்பிள்ளையின் சகோதரி அவர் பக்கத்தில் உட்காருகிறாள். கட்டிக் கொடுத்த பிறகும் பிறந்த வீட்டில் அவளுக்கு உரிமை உண்டு என்று சபையில் வைத்துச் சொல்வதுதான் அந்தச் சீர் என்பார் எங்கள் ஆத்தா. தேவாங்கர், நாயக்கர், அருந்ததியர் வீடுகளில் சீர்களின் பெயரும் வரிசையும் வேறு. ஆனால் இன்ன உறவுக்கு இன்ன வேலை என்பது எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் டிக்கெட் பார்க்கும் முன் ஊருக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "எனக்கு என்னங்க சீரு, அது எத்தனை மணிக்கு?"

உங்களுக்குச் சீர் எதுவும் இல்லையென்றால் பிழைத்தீர்கள். முகூர்த்தத்துக்கு வந்து, சாப்பிட்டு, முகம் காட்டிவிட்டுப் போகலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மூன்று வாரத்தில் பதினோரு விசேஷத்துக்கும் முழுதாகப் போக நினைப்பவர்கள்தான் நான்காம் நாளே காய்ச்சலில் படுக்கிறார்கள்.

தாய்மாமனாக இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காதுகுத்தில் குழந்தை உங்கள் மடியில்தான் உட்காரும். தெரட்டிச் சீரில் (பெண் வயதுக்கு வந்ததற்கான சடங்கு) பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை கட்டுவதும், சீர்த்தட்டோடு முன்னால் நடப்பதும் நீங்கள்தான். நீங்கள் டொராண்டோவில் இருந்தால் அக்கா வீட்டு விசேஷத்தின் தேதி உங்கள் லீவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "உனக்கு எப்போ தோதுப்படும்" என்று கேட்பார்கள். "பார்க்கிறேன்" என்று பதில் சொல்லாதீர்கள். தை மாதமே தேதியைச் சொல்லிவிட்டால்தான் வைகாசிக்கு மண்டபம் கிடைக்கும்.

மாமன் சீர் என்றால் நகை. வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்துவிட்டு வருபவர்களில் ஆண்கள் 20 கிராம், பெண்கள் 40 கிராம் வரை நகையைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவர விதி இடம் கொடுக்கிறது. நகைதான், தங்கக் காசும் கட்டியும் இதில் சேராது. விதி அவ்வப்போது மாறுவதால் கிளம்புகிற வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பணத்தை அனுப்பிவிட்டு அக்காவோடு ஈரோட்டிலோ கோவையிலோ கடைக்குப் போய் எடுப்பதுதான் நல்லது. அந்தக் கடைக்குப் போவதே பாதி விசேஷம்.

தெரட்டி பற்றி இன்னொன்று. ஊர்ப் பெரியவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று வெளிநாட்டில் வளர்ந்த பெண்ணை அழைத்து வந்து, முச்சந்தியில் படத்தோடு பிளக்ஸ் வைக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என் மகள் வேண்டாம் என்றாள். வீட்டுக்குள்ளேயே அவள் அமுச்சி, அதாவது என் அம்மா, எண்ணெய் வைத்துத் தண்ணி ஊற்றினார், என் தம்பி பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தான், ஒப்புட்டு (போளி) சுட்டோம். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. இருக்கட்டும்.

எந்த மாதம் வருவது

நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் ஊர்ப் பஞ்சாங்கமும் ஒத்துப்போவதில்லை. சித்திரை, வைகாசி, ஆனி என்று ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடுவரை விசேஷக் காலம். ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது. ஆகஸ்ட் நடுவில் ஆவணி பிறக்கும் வரை மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஜூன் விடுமுறை வைகாசி, ஆனியில் சரியாக விழுகிறது. அமெரிக்காவில் மே கடைசியில் பள்ளி விடும் மாநிலமும் உண்டு, ஜூன் கடைசியில் விடும் மாநிலமும் உண்டு. பின்னதில் இருப்பவர்களுக்கு ஆனிக் கடைசி முகூர்த்தங்கள்தான் மிச்சம். வளைகுடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருபவர்கள் பெரும்பாலும் ஆடியில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கல்யாணச் சாப்பாடு இல்லை. ஆனால் பவானி கூடுதுறையில் ஆடி 18 இருக்கிறது, அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை இருக்கிறது. அது ஒன்றும் குறைந்த பங்கு இல்லை.

மே மாதம் வருபவர்கள் வெயிலைக் கணக்கில் வையுங்கள். கத்திரி வெயில் மே 4 முதல் 28 வரை. கரூர் பரமத்தியும் ஈரோடும் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். முகூர்த்தங்கள் விடியலில் இருப்பது ஒருவகையில் நல்லதுதான்: எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பி, பகலில் தூங்கி, பொழுதோட மறுபடி கிளம்பலாம். (பொழுதோட என்றால் இங்கே சாயங்காலம். "பொழுதோட வாங்க" என்றதைத் தப்பாகப் புரிந்துகொண்டு என் வீட்டுக்காரர் மத்தியானமே போய் நின்றிருக்கிறார்.) மே கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பிவிட்டால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் உடம்பு தாங்கும். ஈரோடு, கரூருக்கு அந்தக் கொடுப்பினை குறைவு.

வழி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோவைக்குச் சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. மற்றவர்கள் கொச்சியில் இறங்கிப் பாலக்காடு வழியாகக் காரில் வரலாம். சென்னையில் இறங்குபவர்கள் கவனிக்க: ரயில் முன்பதிவு முன்போல 120 நாள் இல்லை, 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். மே மாத சேரன் எக்ஸ்பிரசில் இடம் வேண்டுமென்றால் அறுபதாம் நாள் காலையிலேயே உட்கார வேண்டும்.

நோம்பி

கல்யாணத்தைவிட இதற்குத்தான் பிள்ளைகளை அழைத்துவர வேண்டும் என்பது என் கட்சி. கொங்கு நாட்டில் கோயில் திருவிழாவுக்கு நோம்பி என்று பெயர். மாரியம்மன் நோம்பி பெரும்பாலான ஊர்களில் ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மனுக்குப் பூப் போட்டு நோம்பியை அறிவிக்கும் பூச்சாட்டில் தொடங்கும். அப்புறம் கம்பம் நடுவார்கள். இரவில் அந்தக் கம்பத்தைச் சுற்றிப் பறை முழக்கத்துக்கு ஆண்கள் ஆடுவது கம்பத்தாட்டம். அடுத்தடுத்த நாட்களில் பூவோடு (தீச்சட்டி), மாவிளக்கு, பொங்கல், கடைசியில் மஞ்சள் நீர். பூச்சாட்டிய ஊரில் நோம்பி முடியும்வரை கல்யாணம் வைக்க மாட்டார்கள். காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். இதனால்தான் "பெரியப்பா ஏன் நம்ம கல்யாணத்துக்கு வரலை" என்ற மனவருத்தம் பாதி வீடுகளில் வருகிறது. அவர் ஊரில் பூச்சாட்டியிருப்பார், அவ்வளவுதான்.

உங்கள் ஊர் நோம்பி கிடைக்காவிட்டாலும் பெரிய விழாக்கள் உண்டு. கரூர் மாரியம்மனுக்கு வைகாசியில். அங்கே கம்பத்தை ஊர்வலமாகக் கொண்டுபோய் அமராவதி ஆற்றில் விடும் நாளில் ஊரே தெருவில் இருக்கும், காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். அவினாசித் தேர் சித்திரையில். திருச்செங்கோட்டுத் தேர் வைகாசி விசாகத்தில். மாடு பிடித்த பிள்ளைகள் இருந்தால் சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் கூடும் மாட்டுச்சந்தைக்கு விடியலில் அழைத்துப் போங்கள். காங்கேயம் காளையையும் மயிலைப் பசுவையும் அத்தனை எண்ணிக்கையில் வேறெங்கும் நிற்க வைத்துப் பார்க்க முடியாது. இப்போது ஊர் ஊராக வள்ளி கும்மி அரங்கேற்றமும் நடக்கிறது. ஒரே நிறச் சேலையில் பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுவார்கள். உங்கள் பெண் ஓரமாக நின்று பார்த்தால் யாராவது ஒரு அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார். விடுங்கள்.

குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து வைத்திருந்தால் உங்கள் கூட்டத்தின் (குலப்பிரிவு) பெயரும், அந்தக் கூட்டத்துக்கு உரிய காணிக் கோயிலும் எது என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். "நீங்க என்ன கூட்டம்?" என்று முதல் ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்பார்கள். பங்காளியா, மாமன் மச்சான் முறையா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. அந்நியச் சபையில் இந்தக் கேள்விக்குச் சாதி கேட்கிற வேறு முகமும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. பதில் சொல்லாமல் சிரித்து நகர்ந்ததும் உண்டு.

மொய்

மொய் எழுதும் மேசையில் "சிங்கப்பூர்" என்று எழுதச் சொல்லாதீர்கள். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் சொல்லி, பிறகு உங்கள் பெயர். மொய் வீட்டுக்கு வீடு திரும்புகிற கணக்கு. நாளைக்கு உங்கள் அப்பா வீட்டு விசேஷத்துக்கு இந்த நோட்டைப் புரட்டித்தான் வருவார்கள். எவ்வளவு என்பதற்கும் வீட்டில் இருக்கும் பழைய மொய் நோட்டைப் பாருங்கள். அவர்கள் 1001 வைத்திருக்கும் இடத்தில் நீங்கள் 10,001 வைத்தால் அது மரியாதை இல்லை, அவர்கள் தலையில் ஏற்றும் கடன். "அன்பளிப்பு தவிர்க்கவும்" என்று பத்திரிகையில் போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், கவரோடு மேடை ஏறாதீர்கள்.

போன தடவை கொண்டுபோன 2000 ரூபாய் நோட்டு பர்ஸில் கிடக்கிறதா? 2023 மே மாதம் அதைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. இப்போது ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகங்களில்தான் மாற்ற முடியும். பக்கத்தில் என்றால் சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம். கோவையில் கிடையாது.

சில்லறை விஷயங்கள்

பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகள் மே மாதம் வரும். அந்த வாரம் எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளையிடம் மார்க் கேட்காதீர்கள். நல்ல மார்க் என்றால் காப்பி வரும் முன்பே அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பேச்சில் 'ங்க' விட்டுப்போகக் கூடாது. இங்கே பத்து வயதுப் பையனையும் "வாங்க தம்பி" என்பார்கள். உங்கள் பிள்ளை தாத்தாவைப் பார்த்து "நீ வா" என்றால் சபை ஒரு நொடி அமைதியாகும். அம்மாவின் அப்பா அப்புச்சி, அம்மா அமுச்சி. அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மா ஆத்தா. அண்ணன் மனைவி நங்கையா. விமானத்தில் சொல்லிக் கொடுக்கலாம், பொழுது போகும்.

இலையை உங்கள் பக்கமாக மூடுங்கள். எதிர்ப்பக்கமாக மூடுவது துக்க வீட்டில்.

துக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் இல்லாத இரண்டு ஆண்டில் போனவர்களின் பட்டியலை அம்மாவிடம் வாங்கி, வந்த முதல் வாரத்திலேயே அந்த வீடுகளுக்குப் போய்விடுங்கள். கல்யாணத்தில் அந்த அத்தையை முதல் முறையாகச் சந்தித்து, மாமாவைப் பற்றிச் சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் நிற்பது இருவருக்குமே கஷ்டம். எங்கள் பக்கம் செவ்வாயும் வெள்ளியும் துக்கம் கேட்கப் போவதில்லை. கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. எழுந்து, கையைப் பிடித்துவிட்டு, பேசாமல் வர வேண்டும். இது பிள்ளைகளுக்குத் தெரியாது. வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஊரில் உங்களுக்கே கல்யாணம் என்றால் திரும்பும் டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும், அந்தச் சான்றிதழ் இல்லாமல் மனைவிக்கோ கணவருக்கோ விசா வேலை நகராது.

திரும்பும் பெட்டியில் என்னுடையது எப்போதும் ஒரே பட்டியல்தான்: சென்னிமலைப் போர்வை இரண்டு, நெகமம் சேலை ஒன்று, ஈரோட்டு மஞ்சள் ஒரு கிலோ. பவானி ஜமக்காளத்துக்கு எடை பத்தவில்லை என்று மூன்று தடவை விட்டுவிட்டேன். இந்த வைகாசியில் மச்சானின் மகனுக்குக் காதுகுத்து. மடி என் தம்பியுடையது இல்லை, எனக்கும் சீர் கிடையாது, கேட்டுவிட்டேன். பெட்டியில் இடம் இருக்கும்.