இரண்டு மாட்டுக்கு டிரம்மில் ஊறுகாய்ப்புல் போடுவது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் வரப்பெல்லாம் புல். பங்குனி பிறந்தால் ஒரு கட்டு சோளத்தட்டுக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு கறவை, ஒரு கிடேரி. மூன்று கோடை இப்படி அலைந்த பிறகுதான் ஊறுகாய்ப்புல் போட்டேன். சைலேஜ் என்று கேட்டால்தான் பலருக்குப் புரிகிறது. காற்றுப் புகாமல் அடைத்த பசுந்தீவனத்தில் இருக்கும் சர்க்கரையை நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பே அதைக் கெடாமல் காக்கிறது. முதல் தடவை போட்டது மொத்தமும் குப்பைக்குழிக்குப் போனது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

குழியா, பையா, டிரம்மா?

எங்கே கேட்டாலும் குழி வெட்டச் சொல்வார்கள். பத்து மாடு இருந்தால் சரி. குழியைத் திறந்துவிட்டால் தினமும் ஒரு கனத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் கெடும். இரண்டு மாடு அந்த வேகத்துக்குத் தின்னாது. பையை எலி விடாது. ஒரு ஓட்டை போதும், பை முழுக்கப் பூசணம். யூரியா சாக்கில் அடைக்கலாமா என்று கேட்காதீர்கள், அது காற்றைத் தடுக்கவே தடுக்காது.

என் தேர்வு, வாய் முழுதாகத் திறக்கும், இரும்பு வளையம் போட்டு இறுக்கும் 200 லிட்டர் நீல டிரம். பழைய டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். மருந்து, கெமிக்கல் இருந்தது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நன்றாக மிதித்தால் ஒன்றில் 120 கிலோ பிடிக்கும். மாட்டுக்கு 12 கிலோ வீதம் எனக்கு ஐந்து நாள் வருகிறது. ஒற்றை மாடு வைத்திருப்பவர்கள் 100 லிட்டர் டிரம் பாருங்கள். திறந்ததை ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

எப்போது வெட்டுவது?

மக்காச்சோளம்தான் முதல் சாய்ஸ். அதில் ஆப்பிரிக்கன் டால் என்ற தீவன ரகத்தை விதைத்தால் தட்டு ஓங்கி வளரும். கதிரை ஒடித்து மணியைப் பாருங்கள். மேல் பாதி மஞ்சளாகிக் கெட்டிப்பட்டு, கீழ்ப் பாதியை நகத்தால் கிள்ளினால் பால் வர வேண்டும். அதுதான் நாள். கோ 4 மாதிரி கம்பு நேப்பியர் புல்லில் சர்க்கரை குறைவு. அதற்கு மட்டும் 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பேன். மக்காச்சோளத்துக்கு வெல்லம் வீண் செலவு. உப்பு எதற்கானாலும் 100 கிலோவுக்கு அரைக் கிலோ போதும்.

தட்டு வெட்டும் மெஷினில் அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால் அங்குலத் துண்டாக வெட்டுங்கள். நீளத்தட்டு மிதிக்க மிதிக்க எழும்பி வரும். வெட்டும் முன் பிளேடைச் சாணை பிடித்துவிடுங்கள்.

கைப்பிடி சோதனை

நான் தோற்றது இங்கேதான். கார்த்திகை மழையில், மணி பிடிக்காத இளம் தட்டை ஈரத்தோடு வெட்டி அப்படியே அடைத்துவிட்டேன். பத்தாம் நாள் டிரம்முக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்திருந்தது. ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தபோது சாக்கடை நாற்றம். மாடு மூக்கை நீட்டி ஒரு மூச்சு விட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது.

இப்போது, வெட்டிய துண்டில் ஒரு கை நிறைய அள்ளி அரை நிமிடம் இறுக்கிப் பிடிக்கிறேன். விரலிடுக்கில் சொட்டினால் ஈரம் அதிகம். அந்த வயலில் மீதி நிற்கும் தட்டை அறுத்து அரை நாள் வெயிலில் வாடப்போட்டு அப்புறம் வெட்டுவேன். கையைத் திறந்ததும் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, மிதித்தாலும் காற்று போகாது. உருண்டை மெல்ல விரிய வேண்டும், உள்ளங்கை ஈரப்பதமாக இருக்க வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது.

மிதிப்பது

அரை அடி போட்டு மிதி, அடுத்த அரை அடி போட்டு மிதி. எல்லோரும் நடுவில் ஏறி நின்று மிதிப்போம், ஓரம் லூசாகவே இருக்கும். இரண்டாவது தடவை என் டிரம்மில் நடு எல்லாம் அருமை, சுவரை ஒட்டி மட்டும் வளையமாக வெள்ளைப் பூசணம். அதிலிருந்து ஓரத்தைக் குதிகாலால் சுற்றிச் சுற்றி மிதிக்கிறேன், கடைசியில் உலக்கையால் இடிக்கிறேன். வாய் வரை நிரப்பி, மேலே கனமான பாலித்தீன் தாள் விரித்து, மூடி போட்டு வளையத்தை இறுக்குங்கள். வெட்டியது அன்றைக்கே மூடப்பட வேண்டும். பாதியை நாளைக்கு என்று வைத்தால் குவியல் சூடேறிவிடும்.

டிரம்மைக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். முதல் மூன்று வாரம் புளிக்கும்போது நச்சு வாயுவும் வரலாம், மூடியைத் திறந்து தலையை உள்ளே நீட்டாதீர்கள்.

கொடுப்பது

45 நாள் கழித்துத் திறங்கள். பொன்பச்சை நிறம், பழப்புளிப்பு வாசனை வந்தால் ஜெயித்துவிட்டீர்கள். முதல் நாள் 2 கிலோவைக் காய்ந்த தட்டோடு கலந்து வையுங்கள், ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வரலாம். காய்ந்த தட்டையும் அடர்தீவனத்தையும் நிறுத்திவிடக் கூடாது. பால் கறந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். கறக்கும் முன் கொடுத்தால் அந்த வாசனை பாலில் ஏறும்.

எடுத்ததும் தாளை அழுத்தி மூடுங்கள். நான் திறந்தபடி விட்டுப் போனதைப் பார்த்த அம்மா, "ஊறுகா ஜாடிய இப்படித் தொறந்து போட்டுட்டுப் போவியா?" என்றார்.

பின்சேர்க்கை: ஆட்டுக்குத் தரலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரிய ஆட்டுக்கு ஒரு கிலோ வரை தரலாம். அசை போடப் பழகாத இளங்கன்றுக்கும் குட்டிக்கும் வேண்டாம். இன்னொருவர், மேலாகப் பூசணம் பிடித்ததை மாடு தின்னாததால் ஆட்டுக்குப் போட்டதாக எழுதியிருந்தார். தயவுசெய்து செய்யாதீர்கள். கெட்டுப்போன ஊறுகாய்ப்புல்லால் சினையாடும் சினைமாடும் கருச்சிதைந்து போகலாம். பூசணம் பிடித்த பகுதியை, அதை ஒட்டி ஒரு சாண் ஆழத்தோடு சேர்த்து அள்ளி, எருக்குழியில் போடுங்கள்.