உங்கள் போத்தல் யாருடைய பெயரில் நிற்கிறது? வைன் கிளப்பில் சேரமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நண்பர் ஒருவரின் தம்பி கடைக்கு வந்தான். கையில் மினுக்குத் தாளில் அச்சடித்த சிறு புத்தகம். மத்திய லண்டனில் ஒரு தனியார் வைன் கிளப்பாம். உறுப்பினர்களுக்குச் சாப்பாட்டு அறை, மாதம் ஒருநாள் சுவைத்துப் பார்க்கும் கூட்டம், நிலவறையில் சொந்தப் பெட்டகம். அட்டையில் ஓக் மரக் கதவும் பித்தளை இலக்கத் தகடும் பளபளத்தன. “அண்ணை, இதில சேரலாமோ? 48 போத்தல் வைக்கலாமாம்” என்றான். இப்போது உன்னிடம் எத்தனை போத்தல் இருக்கிறது என்று கேட்டேன். பதினொன்று.

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. 2007இல் என்னிடம் ஒன்பதுதான் இருந்தன. நானும் கதவைப் பார்த்துத்தான் சேர்ந்தேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது ஈஸ்ட்ஹாமில் மாமா வைத்திருந்த ஓப் லைசன்ஸ், அதாவது மதுபானக் கடை வழியாக. சனி, ஞாயிறு கல்லாவில் நிற்பேன். பிறகு வைன் படித்தேன், வாங்கி விற்கத் தொடங்கினேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. போத்தலை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதே, தக்கை காயாமல் படுக்கவை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஆட்கள் காசைத் தொலைக்கிற இடங்கள் வேறு.

பெட்டகம் வேண்டாத வைனுக்குப் பெட்டகம் எடுப்பது

உலகில் விற்கிற வைனில் மிகப் பெரும்பங்கு வாங்கிய ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. புரொவான்ஸ் ரோசே, நியூசிலாந்து மார்ல்பரோவின் சோவின்யோன் பிளாங், சாதாரண போஜொலே எல்லாம் அந்த வகை. 13 பாகை நிலவறையில் ஐந்து வருடம் படுத்தாலும் இவை பெரிதாக முதிரப் போவதில்லை, கிழடாகும், அவ்வளவுதான். நல்ல போர்தோ, பரோலோ, ஜெர்மன் ரீஸ்லிங், விண்டேஜ் போர்ட் போன்றவைக்குத்தான் காத்திருப்பதில் பொருள் உண்டு.

புதிதாகச் சேர்ந்தவர்கள் பெட்டகம் வெறுமையாகக் கிடப்பதைப் பொறுக்க மாட்டார்கள். கிளப்பின் சுவைத்துப் பார்க்கும் மாலையில் மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு எதைக் கண்டாலும் ஒரு பெட்டி எழுதிவிடுவார்கள். 14 பவுண்ஸ் வைனுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்த ஒரு டொக்டரை எனக்குத் தெரியும். நாலு வருடத்தில் வாடகை வைனின் விலையைத் தாண்டிவிட்டது.

உங்கள் வைன் உங்கள் பெயரில் இல்லாமல் இருப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நான் சேர்ந்த கிளப்பை நடத்தியது ஒரு வைன் வியாபார நிறுவனம். பெயர் வேண்டாம், இப்போது இல்லை. பித்தளைத் தகடு போட்ட பெட்டகத்தில் 24 போத்தல்தான் கொள்ளும். “மிச்சத்தை எங்கள் சேமிப்பறையில் வைத்துக்கொள்கிறோம்” என்றார்கள். சேமிப்பறை என்றதும் கட்டடத்தின் அடியில் எங்கோ இருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது லண்டனுக்கு வெளியே, வேறொரு கம்பனி நடத்துகிற சுங்கப் பிணைக் களஞ்சியம். தொழிலில் சுருக்கமாக ‘பொண்ட்’ என்போம். வரி கட்டாத வைன் அங்கேதான் நிற்கும்.

2005 போர்தோவுக்கு மிகச் சிறந்த வருடம். அதில் ஒரே வைனில் மூன்று பெட்டி, 36 போத்தல் வாங்கினேன். அந்த வயதில் எனக்கு அது பெரிய காசு. தடித்த பால்நிறத் தாளில், அடியில் சிவப்பு முத்திரை வைத்த உரிமைச் சான்றிதழ் தபாலில் வந்தது. அதைக் கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன்.

மாமா வாசிக்கவே இல்லை. “பெட்டி எங்க நிக்குது? போய்ப் பாத்தனியோ?” என்றார்.

மாமாவின் கடைக்குச் சாமான் வரும்போது லொறிக்காரன் எவ்வளவு அவசரப்பட்டாலும், மாமா காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுத் தொட்டுப் புள்ளி போட்ட பிறகுதான் கையெழுத்து வைப்பார். மழையென்றாலும் அப்படித்தான். பியர் பெட்டி எண்ணுகிற புத்தி வைனுக்கு ஒத்துவராது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்டது யாருடைய காதிலாவது விழுந்துவிடுமோ என்று கூச்சமாகவும் இருந்தது.

2011இல் அந்த நிறுவனம் முறிந்தது. நிர்வாகியாக நியமிக்கப்பட்ட கணக்காளர் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது: உங்களுடையது என்று நீங்கள் சொல்லும் சரக்கை ஆதாரத்துடன் நிறுவுக. அப்புறம்தான் விசயம் வெளியில் வந்தது. களஞ்சியத்தில் என் பெயரே இல்லை. எல்லாப் பெட்டியும் அந்த நிறுவனத்தின் வியாபாரக் கணக்கில் நின்றன. நான் வாங்கிய அந்த வைனுக்கு உறுப்பினர்களிடம் இருந்த சான்றிதழ்கள் 11 பெட்டிக்கு. களஞ்சியத்தில் நின்றவை ஏழு.

இது எனக்கு மட்டும் நடந்த புதுமை இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1975இல் லண்டன் வைன் கம்பனி வழக்கில் நீதிமன்றம் தீர்த்தது இதே சிக்கலைத்தான். அங்கேயும் வாடிக்கையாளர்கள் காசு கட்டியிருந்தார்கள், கையில் உரிமைச் சான்றிதழ் இருந்தது, களஞ்சிய வாடகையும் காப்புறுதியும்கூட அவர்களிடம் வாங்கப்பட்டிருந்தன. ஆனால் இன்ன பெட்டி இன்னாருக்கு என்று எதுவும் பிரித்து வைக்கப்படவில்லை. பிரிக்காத சரக்கில் உரிமை கைமாறாது என்பது விற்பனைச் சட்டம். ஆகவே வைன் அவர்களுடையதல்ல என்று தீர்ப்பாயிற்று. 1994இல் ஸ்டேபில்டன் ஃப்ளெச்சர் வழக்கில் வேறு மாதிரி. அங்கே வாடிக்கையாளரின் வைனைக் கடைச் சரக்கிலிருந்து விலக்கித் தனி அடுக்காக வைத்து, அட்டையில் கணக்கும் எழுதி வந்திருந்தார்கள். அந்த அடுக்கு வாடிக்கையாளர் எல்லாருக்கும் பொதுவில் சொந்தம் என்றது நீதிமன்றம். அடுத்த வருடம், 1995இல், சட்டத்தையே திருத்தி 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அடையாளம் சொல்லப்பட்ட ஒரு தொகுதியிலிருந்து வாங்கிக் காசு கட்டியவருக்கு அந்தத் தொகுதியில் பங்கு உண்டு. தொகுதி குறைந்தால் எல்லார் பங்கும் குறையும்.

என் சான்றிதழின் அடியில் எறும்பெழுத்தில் களஞ்சியத்தின் பெயர் இருந்தது. எந்தத் தொகுதி என்று அடையாளம் காட்டிய அதுதான் என்னைக் காப்பாற்றியது. 7ஐ 11ஆல் பிரித்தார்கள், 36க்கு 22 போத்தல். மிச்சம் பதினாலுக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நில் என்றார்கள், அந்த வரிசை எனக்கு எதையும் தரவில்லை. அந்த 22ஐயும் சும்மா விடவில்லை. நிறுவனம் களஞ்சியத்துக்கு மாதக்கணக்கில் வாடகை பாக்கி வைத்திருந்தது. அந்தப் பாக்கி தீரும்வரை சரக்கைப் பிடித்துவைக்கக் களஞ்சியத்துக்கு உரிமை உண்டாம். நான் என் வாடகையை நிறுவனத்திடம் ஒழுங்காகக் கட்டியிருந்தேன். நிறுவனம் அங்கே கட்டவில்லை. என் போத்தலை மீட்க அந்த வாடகையில் ஒரு பங்கை இரண்டாந்தரம் கட்டினேன். முழுவதும் முடியப் பதினாலு மாதம். மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறைத்தது.

ஆகவே கையெழுத்து வைக்கமுன் கேட்க வேண்டியது இது. களஞ்சியத்தில் கணக்கு என் பெயரிலா, உங்கள் பெயரிலா? என் பெயரில் என்றால், அதைக் கிளப் சொன்னால் போதாது, களஞ்சியமே எழுதித் தரவேண்டும். பொண்டில் நிற்கும் சரக்குக்கு ‘ரொட்டேஷன்’ எண் என்று ஒன்று உண்டு. உங்கள் பெட்டியின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிளப்பின் பாக்கிக்காக உங்கள் சரக்கைப் பிடிக்க முடியாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். மூன்று நாளில் வந்தால் நல்லது. மூன்று கிழமையும் சாட்டுப்போக்கும் என்றால் மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள்.

நல்லபடியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 1874இல் தொடங்கிய வைன் சொசைட்டி உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு, ஆயுளுக்கும் ஒரே ஒரு பங்கு, 40 பவுண்ஸ். தங்களிடம் வாங்கிய வைனை மட்டும் வைத்துக்கொள்வார்கள். வில்ட்ஷயரில் கோர்ஷம் பக்கம் ஒக்டேவியன் என்ற கம்பனியின் வைன் களஞ்சியம் இருக்கிறது. ஒரு காலத்தில் பாத் கல் என்ற கட்டடக் கல்லை வெட்டிய சுரங்கம், போர்க்காலத்தில் வெடிமருந்துக் கிடங்கு. பித்தளைத் தகடும் சாப்பாட்டு அறையும் அங்கே கிடையாது. வைனுக்கு அவை தேவையும் இல்லை.

பொண்டிலிருந்து கிளப்புக்கு அவசரப்பட்டு மாற்றுவது

நகரத்து நடுவில் இருக்கும் கிளப்பின் பெட்டகம் அநேகமாகப் பொண்ட் அல்ல. அங்கே போக வேண்டுமென்றால் வைன் வரி கட்டி வெளியே வரவேண்டும். 14.5 வீத வைன் என்றால் போத்தலுக்கு 3 பவுண்ஸுக்கு மேல் மதுவரி, அதற்கும் மேலே 20 வீத வட். காசு ஒருபுறம் இருக்கட்டும், வெளியே வந்த போத்தல் திரும்பப் பொண்டுக்குள் போகாது. பின்னாளில் விற்க நினைத்தால், பொண்டை விட்டு நகராத பெட்டிக்குத்தான் வாங்குகிறவர் நம்பி விலை சொல்வார். இந்தக் கிழமை குடிக்கப்போவதை மட்டும் மாற்றுங்கள்.

காப்புறுதி

வாங்கிய விலைக்கா, இன்றைய விலைக்கா? எழுத்தில் கேளுங்கள்.

சாப்பாட்டு மேசைக் கணக்கைப் போடாமல் சேருவது

கிளப்புகளின் உண்மையான இழுப்பு இதுதான், அதில் நியாயமும் உண்டு. லண்டன் உணவகங்களில் கடை விலையைப்போல் மூன்று மடங்கு சாதாரணம். உங்கள் போத்தலை நீங்களே கொண்டுபோனால் திறந்து ஊற்ற ‘கோர்க்கேஜ்’ என்று ஒரு கட்டணம் கேட்பார்கள். கிளப்பில் அது குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. 2015இல் பால் மால் வீதி 67ஆம் இலக்கத்தில் தொடங்கிய கிளப் இந்த எண்ணத்தில் வளர்ந்ததுதான்.

கணக்கு இப்படி. உணவகத்தில் 120க்கு விற்பதைக் கடையில் 40க்கு வாங்குகிறீர்கள், கோர்க்கேஜ் 20. போத்தலுக்கு 60 மிச்சம். கிளப்புக்கு வருடம் 900 என்று வைத்தால், பதினைந்து போத்தல் அங்கே திறந்தால்தான் போட்ட காசு திரும்பும். அதுவும் அந்தத் தரத்து வைன். ஹரோவிலும் குரோய்டனிலும் இருந்துகொண்டு மாதம் ஒருதரமாவது நகரத்துக்குப் போய்ச் சாப்பிடுவீர்களா? விருந்து வைக்கிற வேலையில் இருப்பவர்களுக்குச் சரிவரும். பிள்ளைகளை நீச்சலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஏற்றி இறக்குகிற ஆட்களுக்குச் சரிவராது.

திறக்கும் நேரம்

சனிக்கிழமை உண்டா என்று பாருங்கள். ஞாயிறு அநேகமாக இருக்காது.

வைத்துவிட்டு மறப்பது

கண்ணில் படாத வைனைக் குடிக்கத் தோன்றாது. 2002 அறுவடை மெர்சோ, அதாவது பேர்கண்டி வெள்ளை வைன், ஆறு போத்தலைப் பெட்டகத்தில் வைத்து, அறுவடையிலிருந்து பத்து வருடம் போகட்டும் என்று இருந்தேன். 2012இல் ஒன்றைத் திறந்தேன். தக்கை சுத்தமாக வந்தது. கிளாஸில் விழுந்தது பிளேன்டீயின் நிறம். மணம், வெட்டி மேசையில் மறந்துவிட்ட அப்பிள் துண்டின் மணம். இரண்டாவதும் அதே. மூன்றாவது மட்டும் எலுமிச்சை மஞ்சளில், உயிரோடு இருந்தது. 1996 அறுவடையிலிருந்து வெள்ளை பேர்கண்டியைப் பிடித்த சீக்கு இது. வேளைக்கு முன்பே காற்று ஏறிக் கிழடாகிவிடும், ஒரே பெட்டிக்குள் ஒன்று செத்திருக்கும், பக்கத்திலிருப்பது நன்றாக இருக்கும். எந்த நிலவறையாலும் இதைத் தடுக்க முடியாது. இடையில் ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் மிச்சத்தை அப்போதே குடித்திருப்பேன். பெட்டகம் குளிராக இருக்கிறதுதானே என்ற தைரியத்தில் இருந்துவிட்டேன்.

விலகுவது

ஆறுமாத முன்னறிவிப்பு, எடுத்துச்செல்லக் கட்டணம். சேரும் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

தம்பியை அன்றைக்கு வெறுங்கையோடு அனுப்பவில்லை. அவனுடைய வீடு இல்ஃபோர்டில் பழைய வரிசை வீடு. மாடிப்படிக்குக் கீழே காஸ் மீற்றர் நிற்கிற அலுமாரி உண்டாம். அதற்குள் ஹீட்டர் குழாய் ஓடுகிறதா என்று பார், பத்துப் பவுண்ஸுக்கு ஒரு வெப்பமானி வாங்கி ஒரு கிழமை வை என்றேன். கிளப்புக்கு எழுதி, கணக்கு யாருடைய பெயரில் என்றும் கேட்கச் சொன்னேன். போன ஞாயிறு வட்ஸப்பில் படம் வந்தது. தும்புத்தடிக்கும் பழைய சப்பாத்துப் பெட்டிக்கும் நடுவில் பதினொரு போத்தல் படுத்திருந்தன, வெப்பமானி 16 காட்டியது. கிளப்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லையாம்.