வேறொரு வாத்தியாரின் சிலம்பக் களத்துக்குப் போகிறீர்களா?

திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ காரைக்குடிப் பக்கம் வந்த இடத்தில், நாலு நாள் கம்பு சுற்றாவிட்டால் கை பரபரக்கும். விசாரித்தால், ஊருணிக்கரைப் பொட்டலில் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார் என்பார்கள். உடனே கம்பைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முந்தின நாளே போன் செய்து, "நாளைக்கு வரலாமாய்யா?" என்று கேளுங்கள். உங்கள் வாத்தியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போனதும் "யார்கிட்ட படிச்சீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்புறம் நீங்கள் செய்வதெல்லாம் உங்கள் வாத்தியார் பெயரில்தான் சேரும்.

செருப்பைக் களத்துக்கு வெளியே கழற்ற எல்லோருக்கும் தெரியும். தரையில் கிடக்கும் கம்பைத் தாண்டக் கூடாது என்பதுதான் அவசரத்தில் மறந்துபோகும். நானே அப்படிச் செய்திருக்கிறேன். செம்மண்ணில் வரிசையாகக் கிடந்த கம்புகளைத் தாண்டிப் போய் வாத்தியாருக்கு வணக்கம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து, நான் தாண்டிய கம்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தான். அன்று முழுக்க அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, விருந்தாளி திருத்தம் சொல்வது. வணக்க வரிசையும் காலடியும் வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். "எங்க வாத்தியார் இப்படிச் சொல்லித் தரலையே" என்று பக்கத்துப் பிள்ளையிடம் நீங்கள் சொன்னால், அந்தப் பிள்ளை யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும். மாதக்கணக்கில் பழகிய கால் அன்றே தடுமாறும். நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். அதைச் சரிசெய்வது அந்த வாத்தியார்தான். அவர் கேட்டால் மட்டும் உங்கள் முறையைச் செய்துகாட்டுங்கள். அதுவரை அவர் சொல்லும் காலடியை, புதிதாகச் சேர்ந்தவரைப் போலப் போடுங்கள். "எங்க ஊர்ச் சிலம்பம்தான் அசல்" என்ற பேச்சும் வேண்டாம். 1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் இங்கிருந்து பக்கம்தான். கம்பும், எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான வளரியும் இந்தச் சீமைக்காரர்களுக்குத் தாத்தா சொத்து மாதிரி.

ஜோடி போட்டு விளையாடும்போது வேகத்தை அந்த ஊர்ப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். திறமையைக் காட்டும் ஆசையில் ஓங்கினால் அடி விரல் கணுவில்தான் விழும். நுனியில் உலோகப் பூண் போட்ட கம்பை ஜோடிப் பயிற்சிக்குக் கொண்டுபோகாதீர்கள். மூங்கில் கம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சிராய் தெறித்தால் கண் போய்விடும். நெற்றி உயரக் கம்பைச் சுழற்ற எவ்வளவு இடம் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பின்னால் குழந்தைகள் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேட்காமல் வீடியோ எடுக்க வேண்டாம், பெண்பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது சுத்தமாக வேண்டாம்.

கடைசி வணக்கம் முடியும்வரை இருங்கள். கட்டணம் வாங்காதவர் என்றால் அவர் சட்டைப் பையில் பணத்தைத் திணிக்காதீர்கள். வெற்றிலை பாக்கு, இரண்டு பழம், அதன்மேல் உங்களால் முடிந்ததை வைத்து, தட்டை இரண்டு கையாலும் நீட்டுங்கள்.