ஆடிக் காற்றில் கோவை விமானம்: எங்கே உட்காருவது?

ஆனி, ஆடியில் கோயம்புத்தூரிலிருந்து பறப்பவர்கள் காலை விமானத்தில், இறக்கைக்கு நேரான வரிசையில் இடம் கேளுங்கள். குலுக்கல் நன்றாகக் குறையும். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் மேற்குக் காற்று, வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கு மேலே அதிகம் முரண்டு பிடிக்கும். விமானத்தின் எடை மையம் இறக்கையருகே இருப்பதால், மூக்கும் வாலும் ஏறி இறங்கும்போது அங்கே அசைவு குறைவு. கடைசி வரிசையில் தம்ளரிலிருந்து சிந்திவிடும் தண்ணீர், இங்கே அலம்புவதோடு நின்றுவிடும். விமானம் ஓட்டும் நானும் பயணியாகப் போனால் அங்கேதான் உட்காருகிறேன். என்ன, இறக்கை மறைப்பதால் மலை சரியாகத் தெரியாது. ஐப்பசி இடிமேகங்களுக்கு இது உதவாது. அப்போது எந்த வரிசையும் குலுங்கும். பெல்ட் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.